முன்னிற்பவர்

நுழையும் முன்

இணைய விளையாட்டில் எதிரிகளை மிகுதியாக வீழ்த்துபவரே சிறந்த வீரர் எனப் பலரும் எண்ணுவர். ஆனால், பலர் கூடி ஆடும் பெரும்போரில் குழுவைக் காத்து நிற்பவர் வேறொருவர். அவரது பணி யாது? அதற்கு வேண்டிய திறன்கள் யாவை? இப்பாடத்தில் அறிவோம்.

மூவகைப் பணிகள்

அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் 2004ஆம் ஆண்டு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் தத்தம் கணினி வழியே ஒரே களத்தில் கூடி, வலிமைமிக்க எதிரியை எதிர்ப்பர். இக்கூட்டுப் போர் 'ரெய்டு' எனப்படும். தொடக்கக் காலத்தில் பெரிய ரெய்டுகளில் 40 பேர் வரை பங்கேற்றனர்.

இவர்களின் பணி மூவகைப்படும். எதிரியைத் தாக்கி வீழ்த்துவோர் ஒரு வகையினர். காயமுற்றோரைக் குணப்படுத்தும் 'ஹீலர்கள்' மற்றொரு வகையினர். எதிரியின் அடிகளைத் தாமே ஏற்கும் 'டேங்க்' வீரர்கள் மூன்றாம் வகையினர். போர்க்களக் கவச வண்டியின் பெயரே இவர்களுக்கு வழங்கலாயிற்று. படையின் முன்னணியைத் தமிழில் 'தூசி' என்பர். டேங்க் வீரரின் இடம் அத்தூசியே ஆகும்.

சினத்தை ஈர்த்தல்

எதிரி யாரைத் தாக்கும் என்பது ஒரு கணக்கின்படி முடிவாகிறது. அக்கணக்கு 'த்ரெட்' எனப்படும். ஒருவர் தாக்குந்தோறும், பிறரைக் குணப்படுத்துந்தோறும் அவர்மீது எதிரிக்குள்ள சினம் எண்ணாகக் கூடிக்கொண்டே செல்லும். டேங்க் வீரரின் அடிகள் வலிமை குறைந்தவை. எனினும் சினத்தை மிகுதியாகத் தூண்ட வல்லவை.

அவரது கணக்கு 100 எனக் கொள்வோம். அருகில் நின்று தாக்குபவரின் கணக்கு 110ஐக் கடந்தாலோ, தொலைவில் நின்று தாக்குபவரின் கணக்கு 130ஐக் கடந்தாலோ எதிரி அவர்பால் திரும்பிவிடும். வலிய கவசம் இல்லாதவர் ஓரிரு அடிகளில் வீழ்வார். ஆகவே, போரின் முதற்சில நொடிகளில் டேங்க் வீரர் விரைந்து செயற்பட வேண்டும். மற்றையோர் பொறுத்திருக்க வேண்டும்.

இடமறிந்து நிற்றல்

இவ்விளையாட்டின் புகழ்பெற்ற எதிரிகளுள் ஒன்று ஒனிக்ஸியா என்னும் டிராகன். அது முன்புறம் நெருப்பை உமிழும். பின்புறம் நிற்போரை வாலால் வீசியெறியும். குகையின் இருபுறமும் முட்டைகள் நிறைந்துள்ளன. அங்கு எறியப்பட்டோரைக் குஞ்சுகள் பொரிந்து வந்து சூழ்ந்துகொள்ளும்.

எனவே, டேங்க் வீரர் குகையின் கடைசிச் சுவரருகே சென்று நின்று, டிராகனின் முகத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வார். சுவர் முதுகுப்புறம் இருப்பதால், சிறகடி பட்டாலும் அவர் நெடுந்தொலைவு தள்ளப்படுவதில்லை. தோழர்கள் டிராகனின் விலாப்புறங்களில் நிற்பர். அவர் தவறான திசையில் நகர்ந்தால், டிராகனின் முகமும் உடன் திரும்பும். நெருப்பு தோழர்மீது பாயும்.

அளவறிந்து காத்தல்

போர்வீரர் வகை டேங்க்கிடம் 'ஷீல்டு வால்' என்னும் தற்காப்புத் திறன் உண்டு. அது சில நொடிகள் மட்டுமே அடியின் வலிமையைக் குறைக்கும். மறுமுறை பயன்படுத்தப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அச்சத்தால் அதனை முன்கூட்டியே செலவிடுபவர், பேரடி விழும்போது வெறுங்கையராய் நிற்பார். தேர்ந்தவரோ எந்த அடி எப்போது வரும் என்பதை முன்னரே கற்றிருப்பார். திறனைப் பயன்படுத்தும் நேரத்தை ஹீலருக்கும் அறிவிப்பார்.

விட்டுக்கொடுத்தல்

எல்லாவற்றினும் அரிய திறன், தம் இடத்தைப் பிறர்க்கு உரிய நேரத்தில் அளிப்பதாகும். குளூத் என்னும் பேருருவ நாய் ஏற்படுத்தும் ஒவ்வொரு காயமும், அடிபட்டவர் பெறும் குணப்படுத்தலை 10 விழுக்காடு குறைக்கும். ஐந்து காயங்கள் சேர்ந்தால் ஹீலரின் உழைப்பில் பாதி வீணாகும். அந்நிலை வருமுன், இரண்டாம் டேங்க் வீரர் 'டாண்ட்' என்னும் அறைகூவலால் எதிரியைத் தம்பால் ஈர்ப்பார். முதலாமவர் காயம் ஆறும்வரை ஒதுங்கி நிற்பார். "இன்னும் தாங்குவேன்" என்று அவர் பிடிவாதம் செய்தால் குழுவே அழியும்.

குழு தோற்கும் நாள்களும் உண்டு. அன்று பிறரைக் குறைகூறாமல், "நான் திரும்பிய திசை தவறு" என்று முதலில் கூறுபவரையே குழு மறுநாளும் முன்னே நிறுத்தும். போர் முடிந்தபின் தாக்குதல் பட்டியலில் அவர் பெயர் கீழ்வரிசையில் இருக்கும். ஆயினும், அப்பட்டியலில் மேலே உள்ளோர் இறுதிவரை நின்று தாக்கியது அவர் முன்னின்றதனால் அன்றோ!

சொல்லும் பொருளும்

தூசி – முன்னணிப் படை
விலாப்புறம் – உடலின் பக்கவாட்டுப் பகுதி
அறைகூவல் – போருக்கு அழைத்தல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி

1. எதிரி டேங்க் வீரரை விட்டுப் பிறர்பால் திரும்புவது எப்போது?
2. ஒனிக்ஸியாவை எதிர்க்கும்போது டேங்க் வீரர் சுவரருகே நிற்பது ஏன்?
3. விட்டுக்கொடுத்தலும் ஒரு திறனே என்பதைக் குளூத்தின் எடுத்துக்காட்டால் விளக்குக.
4. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ, பிறர் அறியாமல் முன்னின்று காப்பவர் ஒருவரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.