குடலின் அடியில் நடக்கும் பேச்சு

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதற்கு மேலே வேறு நிலையம் கிடையாது. இந்தக் குளிர் மண்ணில் கொழுக்கிப்புழுவின் குஞ்சுகள் பிழைப்பது கடினம். அதன் தொல்லை தாழ்வான, சூடான தோட்டங்களில்தான் அதிகம். வட்டப்புழு அப்படியல்ல. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டைவரை இடும். ஈர மண்ணில் அவை வருடக்கணக்கில் கெடாமல் கிடந்து, கழுவாத கரட்டோடும் நகக்கண் அழுக்கோடும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகின்றன.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. என்ன மருந்து கொடுத்தால் புழு விழும் என்பது அன்றே தெரியும். மருந்தில்லாமல் குடலே புழுவை எப்படித் துரத்தப் பார்க்கிறது என்பது துலங்க நூறு ஆண்டு பிடித்தது. 2016இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் எலிகளின் குடலில் அதைக் கண்டன.

குடலின் உட்சுவரெங்கும் நுண்ணிய குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள், அதாவது மூலக்கலங்கள். கொழுந்து எடுக்க எடுக்கத் தேயிலைச்செடி துளிர்விடுவதுபோல, மேலே உதிர உதிர இவை கீழிருந்து புதுக் கலங்களை அனுப்பி, நாலைந்து நாளில் உட்சுவரையே புதுப்பித்துவிடுகின்றன. எந்த வகைக் கலத்தை எவ்வளவு அனுப்புவது என்பதில்தான் நோயெதிர்ப்புக் கலங்களின் சொல் செல்லுபடியாகிறது.

அந்தச் சுவரில் நூறில் ஒன்றுகூடத் தேறாத குஞ்சக் கலம் என்று ஒன்று உண்டு. புழு வந்ததை உணர்ந்ததும் இது இன்டர்லூக்கின்-25 என்ற புரதத்தைச் சுரக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஐஎல்சி-2 என்ற நோயெதிர்ப்புக் கலம் அதை ஏற்று, இன்டர்லூக்கின்-13ஐ வெளியிடுகிறது. அது குழியின் அடிக்கு எட்டியதும் மூலக்கலத்தின் உற்பத்தி மாறுகிறது: குஞ்சக் கலங்களும் சளி சுரக்கும் கலங்களும் பெருகுகின்றன. குஞ்சக் கலம் கூடக்கூடச் செய்தியும் வலுக்கிறது. சளி பெருகி, குடல் இறுகி அசைந்து, இரண்டு வாரத்துக்குள் புழு வெளியே போகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

பேச்சு ஒருவழியும் அல்ல. மூலக்கலங்களும் டி-கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களுக்குச் செய்தி காட்டுகின்றன என்று 2018இல் தெரியவந்தது. மனிதக் குடலின் குஞ்சக் கலங்களும் இன்டர்லூக்கின்-13க்குப் பெருகுகின்றன. தேவைப்பட்டால் தாமே மூலக்கலமாகவும் மாறுகின்றன என்று 2024இல் காட்டினார்கள்.

அப்படியிருந்தும் பிள்ளையின் குடலில் வட்டப்புழு ஒரு வருடத்துக்கு மேலும் வாழ்கிறது. எலியில் வாழும் இன்னொரு புழு, தன் சுரப்பால் குஞ்சக் கலங்களைப் பெருகவிடாமல் தடுப்பதை 2022இல் கண்டார்கள். மனிதப் புழுக்களிடமும் இந்த வித்தை இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தோட்டப் பாடசாலைகளில் 1994 முதல் 2005 வரை பூச்சிமருந்து கொடுத்தார்கள். பிறகு எடுத்த கணக்கில் நூறு பிள்ளைகளுக்கு 29 பேரிடம் புழு இருந்தது. ஆசிரியர் முன்னே சப்பி விழுங்கும் குளிசை வயிற்றுப் புழுவைக் கொல்லும். லயத்து வாசல் மண்ணில் கிடக்கும் முட்டையைத் தொடாது. முட்டை மறுபடி உள்ளே போனால், குடல் அத்தனை வேலையையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். குளிசையோடு வீட்டுக்கு வீடு கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் கேட்பது அதனால்தான்.