வாசித்தவர் கூடம் அமைத்தார்

கல்லாவி மாணவன், இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு பாட்டைக் கேட்கிறோம். பாடியவர் யார் என்றால் உடனே சொல்லிவிடுகிறோம். இசையமைத்தவர் யார் என்றாலும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாட்டில் புல்லாங்குழல் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், வயலின் எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும், பாடகர் பத்து முறை பாடியதில் எந்த முறை பாடியது நம் காதுக்கு வர வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்தவர் யார் என்று கேட்டால் விழிக்கிறோம். அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு. மேல்நாட்டில் அவரை இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்பர்.

தயாரிப்பாளர் என்றதும் நமக்குப் பணம் போடும் முதலாளிதான் நினைவுக்கு வருவார். இவர் அவரல்லர். கல்யாண வீட்டுச் சமையலைப் பாருங்கள். காய் நறுக்குபவர் ஒருவர், மாவு அரைப்பவர் ஒருவர், அடுப்பைப் பார்ப்பவர் ஒருவர். கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புப் போதும், இறக்கு" என்று சொல்பவர் ஒருவர்தாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தக் கரண்டியைப் பிடிப்பவரே தயாரிப்பாளர்.

இசைக்குழுவில் வாத்தியம் வாசித்த ஒருவர் எப்படி இந்த நிலைக்கு உயர்கிறார்? நம் தமிழ்நாட்டிலேயே அதற்கொரு சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. அவர் ஏ. ஆர். ரகுமான். அவரது புகழை எல்லாரும் பாடிவிட்டனர். நான் எழுத வந்தது அவர் தொழில் கற்ற வழியைப் பற்றி.

முன்னோடிகள் இருவர்

அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கித்தார்க் கலைஞர் இருந்தார். தாம் வாசித்ததைப் பதிவு செய்து, அதன்மேல் மீண்டும் வாசித்து, அதன்மேல் இன்னொரு முறையும் வாசித்து, ஒருவரே ஒரு குழுவாக ஒலிக்கும்படி செய்தார். 1951இல் தம் மனைவி மேரி ஃபோர்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இசைத்தட்டுகள் பெரும் வெற்றி பெற்றன. 1957இல் எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்குச் செய்து கொடுத்தது. தடம் என்பது ஒலிநாடாவில் தனித்தனியே ஓடும் வரி. ஒரு வரியில் குரல், ஒரு வரியில் தாளம் என்று பிரித்துப் பதிந்தால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைத் திருத்தலாம்.

இங்கிலாந்தில் ஓபோ என்ற ஊதுகருவியைப் பயின்ற ஜார்ஜ் மார்ட்டின், 1962 முதல் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளராக இருந்தார். 1967இல் உலகையே வியக்க வைத்த அவர்களது தொகுப்பு நான்கு தடக் கருவிகளில்தான் பதிவாயிற்று. வாசிக்கத் தெரிந்த காதே எதை வைப்பது, எதை நீக்குவது என்றும் அறியும் என்பதை இவ்விருவர் வாழ்வும் காட்டுகிறது.

வாடகைக்குப் போன வாத்தியங்கள்

ரகுமான் 1967 ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அப்போது அவர் பெயர் திலீப்குமார். தந்தை ஆர். கே. சேகர் மலையாளப் படங்களில் இசையமைப்பாளராகவும் இசைக்குழு நடத்துநராகவும் இருந்தவர். 1976இல் அவர் காலமானார். மகனுக்கு வயது ஒன்பது. வீட்டில் மிஞ்சியவை தந்தையின் வாத்தியங்களே. நம் ஊர்களில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விட்டுப் பிழைப்பது போல, அந்தக் குடும்பம் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது.

இளவயதிலேயே அவர் கீபோர்டு வாசிக்கப் போனார். எம். எஸ். விசுவநாதன், இளையராஜா, தெலுங்கில் ராஜ்-கோட்டி எனப் பலரிடம் வாசித்தார். ஒலிப்பதிவுக்கும் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் போக முடியாமல் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். "ரகுமான் என்ன பட்டமா வாங்கினார்?" என்று கேட்டு வகுப்பைத் துறக்கும் நண்பர்களை நான் அறிவேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இந்தக் கேள்வி என்னைச் சும்மா விடுவதில்லை. அவர் படிப்பை வெறுத்து விடவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டியிருந்ததால் விட்டார். பின்னர் சென்னையில் இருந்தபடியே இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் மேனாட்டுச் செவ்வியல் இசைத் தேர்வுகளை எழுதித் தேறினார். அவர் இழந்தது பள்ளியை மட்டுமே. கற்பதை அவர் ஒருநாளும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

முப்பது நொடிப் பள்ளிக்கூடம்

திரைப்பட வேலைக்கு நடுவே நண்பர்களுடன் மேனாட்டுப் பாணி இசைக்குழுக்களிலும் அவர் வாசித்தார். சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'ரூட்ஸ்' என்ற குழு; பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு. படத்துக்கு வாசிக்கும்போது தாளில் எழுதியிருப்பதை வாசித்தால் போதும். குழுவில் எழுதித் தருபவர் யாருமில்லை. நான்கு பேரும் சேர்ந்து கேட்டு, சண்டையிட்டு, வேண்டாததைக் கழிக்க வேண்டும்.

1987 முதல் விளம்பர இசை வந்தது. ஆல்வின் கைக்கடிகாரத்தில் தொடங்கி, லியோ காப்பி உட்பட ஏராளமான விளம்பரங்களுக்கு இசையமைத்தார். நம் மாவட்டத்தார் பெருமையோடு நினைக்கத்தக்க ஒன்றும் அவற்றுள் உண்டு. டாட்டா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஒசூரில் ஆலை அமைத்தது. அதன் விளம்பரத்தில் ஒலித்தது மோட்சார்ட் தம் பதினேழாம் வயதில், 1773இல் இயற்றிய 25ஆம் சிம்பொனியின் ஒரு பகுதி. அந்த மெட்டுக்கு ரகுமான் அமைத்த வடிவம் தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் பரவியது. ஆஸ்திரியாவில் பிறந்த இசை கோடம்பாக்கத்தில் புதுச்சட்டை போட்டு, ஒசூர்க் கடிகாரத்தை விற்றது!

விளம்பரம் என்பது முப்பது நொடி. நூறு யோசனை தோன்றினாலும் தொண்ணூற்றெட்டைத் தூக்கி எறிய வேண்டும். ஒலிப்பதிவு, கலவை, திருத்தம் எல்லாவற்றையும் விரைவாக முடித்துத் தர வேண்டும். தயாரிப்பாளர் வேலைக்கு இதைவிடக் கடினமான பள்ளி வேறில்லை. 1991 அளவில் மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கிலப் பாப் தொகுப்புக்கும் அவர் இசையமைத்தார்.

கருவி செய்வது என்ன?

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் சில சொற்கள். முன்பு பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே மூச்சில் பாடி வாசிப்பர். கடைசி அடியில் ஒருவர் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலதடப் பதிவு இதை மாற்றியது. அடுத்து வந்தது 'மிடி'.

1983இல் வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உருவான பொதுமுறை அது. மிடி ஒலியைப் பதிவு செய்வதில்லை. கட்டளையைப் பதிவு செய்கிறது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையாக, எப்போது விடப்பட்டது என்பவை எண்களாக ஓடும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு 'சி' 60ஆம் எண். நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும். ஒலிப்பதிவு ஒருவர் பேசியதைப் பிடித்துவைப்பது என்றால், மிடி "இப்படிப் பேசு" என்று எழுதிக் கொடுப்பது. எழுதியதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றலாம். பேசியவரையே மாற்றி வேறொருவரைப் பேசவும் வைக்கலாம். அதாவது அதே எண்களைக் கொண்டு குழலையும் ஒலிக்கலாம், மணியையும் ஒலிக்கலாம்.

மூன்றாவது, எண்முறைப் பதிவு. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வெண் வரை கேட்கும். ஓர் அலையை முழுமையாக மீட்க, அதன் உச்ச அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் 1982இல் வந்த குறுந்தட்டில் நொடிக்கு 44,100 அளவுகள். ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டிச் சுரமானியின் கம்பியைச் சரிசெய்யும்போது, இது வெறும் மதிப்பெண்ணுக்கான சோதனையன்று என்பதை நினைவிற் கொள்வோமாக.

சொந்தக் கூடம்

'ரோஜா' வெளிவருமுன்பே கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை ரகுமான் அமைத்தார். தாயார் நகையை விற்றுக் கொடுத்த பணத்தில் ஒலிப்பதிவுக் கருவி வாங்கியதை அவரே கூறியிருக்கிறார். என்னைக் கல்லூரியிலும் விடுதியிலும் சேர்க்க அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. நம் வகுப்பில் பலர் வீட்டிலும் இதுவே கதையாக இருக்கும். ஆகவே அந்தச் செய்தியை நான் வெறும் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

சொந்தக் கூடத்தால் என்ன நன்மை? வாடகைக் கூடத்தில் கால்ஷீட் முடிந்தால் எழுந்து போக வேண்டும். ஒத்திகை பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. சொந்த இடத்தில் இரவெல்லாம் தவறு செய்து பார்க்கலாம். கருவி அவருக்கு வாங்கித் தந்தது நேரத்தையே எனலாம்.

மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' 1992இல் வந்தது. முதல் படத்துக்கே ரகுமான் தேசிய விருது பெற்றார். பாடகி மின்மினியின் குரலைச் சுற்றி வெற்றிடம் விட்டிருந்த விதமும், தாழ்ந்த ஒலிகளின் தெளிவும் அன்று கேட்டவர்களுக்குப் புதுமை. அது ஒரு நாளில் வந்த அதிர்ஷ்டமன்று. பத்தாண்டுக்கு மேல் பிறருக்கு வாசித்ததும், ஐந்தாண்டு விளம்பரத்துக்கு உழைத்ததும் அதற்குள் இருந்தன.

1997இல் சோனி நிறுவனத்துக்காக 'வந்தே மாதரம்' தொகுப்பு, 2005இல் ஏ. எம். ஸ்டுடியோ, 2006இல் சொந்த இசை வெளியீட்டு நிறுவனம், 2008இல் கே. எம். இசைக் கல்லூரி, 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள். 2021இல் வந்த '99 சாங்ஸ்' படத்தைத் தயாரித்தவரும் அவரே.

கைகள் என்னாயின?

புகழ்ந்துவிட்டு இத்துடன் முடித்தால் கட்டுரை அரைகுறையாகிவிடும். ஒரு கீபோர்டு இருபது வயலின்களின் ஒலியைத் தரத் தொடங்கியபோது, அந்த இருபது பேருக்கு என்ன ஆயிற்று? 1990களில் கோடம்பாக்கத்துப் பெரிய இசைக்குழுக்களுக்கு வேலை குறைந்தது. வில்லைப் பிடித்துப் பழகிய கைகள் அழைப்புக்குக் காத்திருந்தன. இந்த மாற்றம் ஒருவரால் வந்ததன்று. உலகெங்கும் கருவியால் வந்தது. ஆனால் வலி ஒன்றுதான்.

ஒசூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியும். என் மாமன் மகன் அங்கே ஓர் ஆலையில் திருகாணி முடுக்கும் வேலையில் இருந்தான். இப்போது அதை இயந்திரக் கை செய்கிறது. "அது தப்பே செய்யமாட்டேங்குதுடா" என்று அவன் சொன்னபோது அதில் கோபமில்லை. வியப்பும் கவலையும் இருந்தன.

ஆகவே முடிவு செய்யும் இடத்துக்கு வந்தவர், தம்மோடு உழைத்த கைகளுக்கு என்ன செய்தார் என்று கேட்பது நியாயம். ரகுமான் செய்த ஒரு செயல் எனக்கு விருதுகளைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒலிநாடா, குறுந்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் ஒலிப்பதிவுப் பொறியாளர்களின் பெயர்களையும் அச்சிட்டார். 1995இல் 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசையில் குழல் ஊதியவர் நவீன்குமார் என்பது அதனாலேயே பலருக்குத் தெரிந்தது. ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் நான்கு முறை தேசிய விருது பெற்றார். 2008இல் அவர் மறைந்தபோது இரசிகர்களும் வருந்தினர். திரைக்குப் பின்னால் இருந்தவரின் பெயர் அவ்வளவு தூரம் போயிருந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வயலின் முதலிய வாத்தியங்களைக் கற்பிக்கும் 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா'வும் பின்னர் அவர் முயற்சியால் தோன்றியது. கருவி விலக்கிய வில்லைப் புதிய கைகளில் கொடுத்த செயல் அது.

பெயர் போட்டதால் குறைந்த வேலை திரும்பிவிடாது. ஆயினும் அது சிறிய செயலன்று. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர் இருக்கும். முள்ளைப் பொருத்திய விரலின் பெயர் இராது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை பிறர் எழுதிக் கொடுத்ததைச் செய்யும் வேலைக்கே முதலில் போவோம். அதில் இழிவில்லை, காது கூர்மையானால் அதுவே பயிற்சி. சிலர் ஒருநாள் கரண்டியைப் பிடிக்கும் இடத்துக்கும் வருவோம். கருவியைக் கற்று அங்கே போய்ச் சேரலாம். சேர்ந்த பிறகு, உடன் உழைத்தவர் பெயரை உறையில் எழுதுகிறோமா என்பதே நாம் யார் என்பதைச் சொல்லும்.