காணாமற் போன ப்ராசஸும் கண்ணுக்குத் தெரியாத திருடனும்

கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டிய மன்னன், அதற்கு முன் செய்திருக்க வேண்டிய ஒரு சின்னக் காரியத்தைச் செய்யவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. சிலப்பதிகாரத்தைப் பற்றி நம் மேடைகளில் எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறோம். சர்வர் பராமரிப்புத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலந்தள்ளிய எனக்கு, அது விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதன் கதையாகவே படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, நம் மும்பை நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மகன் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிஃப்டில் வேலை பார்ப்பவன். "சார், ராத்திரி சர்வர்ல டேட்டாபேஸ் நின்னு போச்சாம். இவன்தான் ஏதோ பண்ணிட்டான், இல்லேன்னா பாஸ்வேர்டை யாருக்கோ குடுத்துட்டான்னு மேனேஜர் சொல்றாராம். பையன் சாப்பிடாம உக்காந்திருக்கான். கொஞ்சம் என்னன்னு கேளுங்களேன்" என்றார். அந்தப் பையனிடம் பேசியதைத்தான் நம் குடும்பங்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கு ஒருவராவது கணினித் துறையில் இருக்கும் காலம் இது.

ப்ராசஸ் என்றால் என்ன?

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாதம் வடிக்கிறார், ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் பந்திக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறார். சர்வருக்குள்ளும் அப்படித்தான். வேலையில் இருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு ப்ராசஸ். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் 'ப்ராக்' என்ற அடைவுதான் வருகைப் பதிவேடு. 'பிஎஸ்', 'டாப்' ஆகிய கட்டளைகள் அந்தப் பதிவேட்டைப் படித்து நமக்குச் சொல்கின்றன.

ஆகவே 'ப்ராசஸைக் காணோம்' என்பதற்கு இரண்டு அர்த்தங்கள். ஒன்று, ஆள் உண்மையிலேயே போய்விட்டார். மற்றொன்று, ஆள் உள்ளேதான் இருக்கிறார், நமக்குத் தெரியவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு.

முதலில் சாதாரணக் காரணங்கள்

ஆள் போய்விட்டார் என்றால் பெரும்பாலும் காரணம் திருட்டு அல்ல. சர்வர் தானாக அணைந்து எழுந்ததா என்று 'அப்டைம்' கட்டளை சொல்லும். வட்டு நிரம்பியிருந்தால் டேட்டாபேஸ் நின்றுவிடும், 'டிஎஃப்' காட்டிக்கொடுக்கும். இரவில் தானாக நடந்த மென்பொருள் புதுப்பிப்பு அந்தச் சேவையை நிறுத்தியிருக்கலாம்.

இவற்றைவிட ஆளைத் திகைக்க வைப்பது நினைவகப் பற்றாக்குறை. நினைவகம் முழுக்கத் தீர்ந்துபோனால், சர்வரே மொத்தமாக நின்றுவிடாமல் காக்க, லினக்ஸின் கருநிரல் ஏதேனும் ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக நினைவகத்தைப் பிடித்துவைத்திருப்பதுதான் பலியாகும். தப்பு செய்தது ஒன்று, தண்டனை இன்னொன்றுக்கு! ஆனால் கொன்றதை மறைப்பதில்லை. 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கும் வரியைக் கருநிரல் பதிவில் எழுதிவைக்கும்.

"தம்பி, பதற்றப்படாதே. டிமெசேஜ் அடித்துப் பார்" என்றேன். அந்த வரி இருந்தது. இரவு இரண்டரைக்குத் தொடங்கிய பேக்கப் வேலை நினைவகத்தைத் தின்றிருந்தது. பத்து நிமிடத்தில் டேட்டாபேஸ் பலியாகியிருந்தது. நல்லவேளையாக அவன் டேட்டாபேஸை மட்டும்தான் மீண்டும் இயக்கியிருந்தான். சர்வரையே ரீபூட் செய்திருந்தால் டிமெசேஜில் இருந்த அந்த வரி அழிந்திருக்கும். பிறகு வட்டில் சேமித்த பதிவுகளைத்தான் நம்பியிருக்க வேண்டும். அப்படிச் சேமிக்காத சர்வர்களும் உண்டு.

ஆள் இருந்தும் தெரியாததற்கும் சாதாரணக் காரணங்கள் உண்டு. வெறும் 'பிஎஸ்' என்று அடித்தால் நம் திரையில் நாம் தொடங்கியவை மட்டுமே தெரியும். பலர் பங்கிடும் சர்வரில், ஒருவர் ப்ராசஸ் இன்னொருவர் கண்ணில் படாதபடி நிர்வாகியே மறைத்துவைக்கலாம். கன்டெய்னர் என்னும் தனியறைக்குள் இருந்து பார்த்தால் வெளியே நடப்பது தெரியாது. இவை எல்லாம் களவு அல்ல, கதவு.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மேலே சொன்ன எதுவும் பொருந்தாதபோது, பதிவேட்டைப் படித்துச் சொல்பவரையே சந்தேகிக்க வேண்டும். 'ரூட்கிட்' வகைத் திருட்டு நிரல்கள் செய்வது இதுதான்: பதிவேட்டை வாசிக்கும்போது தன் பெயரை மட்டும் விட்டுவிட்டு வாசிக்க வைக்கும். 'டாப்' திரையில் செயலி நூற்றுக்கு நூறு உழைக்கிறது, ஆனால் உழைப்பவர் பெயர் பட்டியலில் இல்லை என்றால், யாரோ உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு மருந்து இரண்டாவது சாட்சி. 'பிஎஸ்' தரும் எண்களையும், 'ப்ராக்' அடைவில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்துக் கிடைப்பவற்றையும் ஒப்பிடலாம். 'அன்ஹைடு' என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். சர்வருக்கு உள்ளே திறந்திருப்பதாகத் தெரியும் போர்ட்டுகளையும், வேறொரு கணினியிலிருந்து தட்டும்போது திறக்கும் போர்ட்டுகளையும் ஒப்பிடலாம். கருநிரலுக்குள்ளேயே ஊடுருவிய ரூட்கிட் உள்ளே இருக்கும் எல்லாச் சாட்சிகளையும் கலைத்துவிடும். அப்போது வெளியே இருக்கும் சாட்சிதான் கைகொடுக்கும்.

ஒளியாமல் வேஷம் போடுபவையும் உண்டு. 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்பது கருநிரலின் சொந்தப் பிள்ளை. அதன் வாலில் ஒரே ஓர் 'ஐ' எழுத்தை ஒட்டிக்கொண்டு பல சர்வர்களில் புகுந்தது ஒரு நாணயம் தோண்டும் நிரல். பெயரைப் பார்த்தால் போதாது. சிலம்பை உடைக்க வேண்டும். அந்த எண்ணின் 'எக்ஸ்இ' இணைப்பு எந்தக் கோப்பைக் காட்டுகிறது என்று பாருங்கள். கருநிரலின் பிள்ளைகளுக்குத் தனிக் கோப்பு கிடையாது. 'டெம்ப்' போன்ற தற்காலிக அடைவிலிருந்து ஓடினாலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பு அழிக்கப்பட்டிருந்தாலும் விசாரணை அவசியம். முறையான புதுப்பிப்புக்குப் பிறகும் கோப்பு அழிந்ததாகக் காட்டும் என்பதால், அப்போதும் உடனே தீர்ப்பு வேண்டாம்.

சின்னக் கணக்கும் அரை விநாடியும்

1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளர் அதை விடாமல் பிடித்துக்கொண்டு போய், ஜெர்மனியில் உட்கார்ந்திருந்த ஊடுருவியைக் கண்டுபிடித்தார். கண்காணிப்பை அவர் அந்தக் கணினிக்குள் வைக்கவில்லை. உள்ளே வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தினார். வெளியே இருந்த அந்தச் சாட்சி திருடன் கண்ணில் படவில்லை.

2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். துருவிப் பார்த்ததில், 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது அம்பலமானது. வழக்கம் எது என்று தெரிந்தவருக்குத்தான் வழக்கம் மாறினால் தெரியும். எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஓடும் ப்ராசஸ்களின் பட்டியலை எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

திருட்டு உறுதியானால்

சர்வரை அணைக்காதீர்கள், வலையமைப்பிலிருந்து பிரியுங்கள். பார்த்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி, நினைவகத்தையும் வட்டையும் நகல் எடுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். திருட்டு நிரலை மட்டும் அழித்துவிட்டுப் பழையபடி ஓட்ட வேண்டாம். திருடன் எத்தனை சாவி செய்துவைத்தான் என்று யாருக்குத் தெரியும்? புதிதாக நிறுவி, பழுதில்லாத பேக்கப்பிலிருந்து தரவை மீட்பதுதான் முறை. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய ஊடுருவலை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தனிமனிதர் பணத்தை இழந்தால் 1930 என்ற எண் இருக்கிறது.

அந்தப் பையன் பதிவின் நகலை மேனேஜரிடம் காட்டினான். பேக்கப் நேரம் மாற்றப்பட்டது; அவன் வேலையும் தப்பியது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை என்றாலும், அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டானாம். ஊரை விட்டு வந்து ராத்திரியெல்லாம் கண் விழிக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதலில் பதிவைப் பாருங்கள், நகல் எடுங்கள், பிறகு கை வையுங்கள். மேலதிகாரிகளாக உயர்ந்துவிட்ட நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யார் மீதும் பழி சொல்வதற்கு முன் சிலம்பை உடைத்துப் பாருங்கள்.