நின்ற மதியும் ஓடும் மதியும்

செய்மதி என்பது ஈழத்தார் வழக்கு. தமிழகத்தார் செயற்கைக்கோள் என்பர். இரண்டும் நல்ல தமிழே. எனினும் இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் எனக்குச் செய்மதியின்மேலேயே பற்று மிகுதி. செய்த மதி, செய்கின்ற மதி, செய்யும் மதி என மூன்று காலமும் கரந்து நிற்கும் வினைத்தொகை அது. ஊறுகாயையும் கொல்யானையையும் கேட்டுக் கேட்டு அலுத்த மாணாக்கருக்கு இச்சொல்லை உதாரணமாகக் காட்டுவது என் வழக்கம். அவ்வாறு காட்டிய ஒரு நாள், பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, “ஐயா, மதி என்றால் அது நகர வேண்டுமே. எங்கள் வீட்டுக் கூரைமேல் தொலைக்காட்சிக்காகப் பூட்டிய கிண்ணம் இரவும் பகலும் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த மதி நகர்வதில்லையா?” என்று வினவினான்.

வினைத்தொகையைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் உடனே விடை சொல்லியிருப்பேன். இதற்கு அன்று என்னிடம் விடையில்லை. பிறகு நூல்களைப் புரட்டியும், அறிவியல் கற்பிக்கும் நண்பரை நச்சரித்தும் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். படிக்கப் படிக்க, அம்மாணவன் கேட்ட நின்ற மதிக்கும் ஓடும் மதிக்கும் இடையிலான போட்டியே இவ்வணிகத்தின் வரலாறு என்பது எனக்குப் புலனாயிற்று.

பூமிக்கு அண்மையிற் சுற்றும் பொருள் விரைந்து சுற்றும். சேய்மையிற் சுற்றுவது மெல்லச் சுற்றும். 550 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் போதும். ஏறத்தாழ 384,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இயற்கை மதிக்கோ இருபத்தேழு நாட்களுக்கு மேல் வேண்டும். ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே, சரியாக ஒரு நாளில் ஒரு சுற்று முடிக்கின்ற உயரம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அவ்வுயரம் 35,786 கிலோமீற்றர். அங்கே மத்திய கோட்டுக்கு நேர்மேலாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் செய்மதி, பூமி சுழலும் அளவிலேயே தானும் செல்வதால், நம் கண்ணுக்கு நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதுவும் ஓடுகின்றது. நாமும் உடன் ஓடுகின்றோம். கூரைக் கிண்ணம் அசையாதிருப்பதன் காரணம் இதுவே. இலண்டனிற் கிண்ணங்கள் தெற்கு அடிவானை நோக்கித் தாழ்ந்திருக்க, மத்திய கோட்டை அடுத்த நம் நாட்டிற் பலவும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் இதனாலேயே.

இவ்வுயரத்தைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று விரித்தெழுதியவர், பின்னாளில் நம் நாட்டையே வீடாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க். 1945 ஒக்ரோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கில இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. மூன்று நிலையங்களைச் சம தூரத்தில் நிறுத்தினால் உலகமுழுவதையும் ஒலிபரப்பால் அணைத்துவிடலாம் என்றார். அந்நிலையங்களில் மனிதர் குடியிருப்பர் என்றும் அவர் எண்ணினார். வானொலிக் குழாய்கள் அடிக்கடி எரிந்துபோகும் காலம் அது. கட்டுரைக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண். காப்புரிமை எடுக்காது விட்டதனால் கோடிக்கணக்கான டொலரை இழந்த கதையைப் பின்னாளில் அவரே நகைச்சுவையாக எழுதினார். 1956இல் இலங்கையிற் குடியேறியவர், 2008இற் கொழும்பிலேயே காலமானார். நின்ற மதிகளின் பாதையைக் கிளார்க் வளையம் என்றே துறையினர் வழங்குகின்றனர்.

ஆனால் வணிகம் முதலில் நம்பியது ஓடும் மதியையே. 1962 யூலை 10ஆந் திகதி ஏவப்பட்ட ரெல்ஸ்ரார் தாழ்ந்த பாதையில் ஓடியது. அத்திலாந்திக்கின் இரு கரைக்கும் ஒருங்கே தோன்றும் சில நிமிடங்களில் மாத்திரமே அதனாற் பயன். அதைத் துரத்திப் பிடிக்க மாபெரும் அன்ரெனாக்கள் சுழலவேண்டியிருந்தன. இத்தகைய மதிகளைப் பல பத்தாக ஏவலாம் என்பது அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியின் எண்ணம். இல்லை, ஒன்றை உயரத்தில் நிறுத்தினாற் போதும் என்று ஹியூஸ் கம்பனியின் ஹரோல்ட் றோசன் வாதித்தார். எதிர்த்தோர் கூறிய குறை ஒன்று: அவ்வளவு தூரம் போய்வரும் குரல் பிந்தி வருமே, மக்கள் எவ்வாறு உரையாடுவர்? 1965 ஏப்ரல் 6ஆந் திகதி ‘ஏர்லி பேட்’ ஏவப்பட்டதோடு வாதம் முடிந்தது. 240 தொலைபேசி இணைப்புகளை அல்லது ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தாங்கிய அச்சிறு செய்மதி, பதினெட்டு மாதம் உழைக்குமென எதிர்பார்க்கப்பட்டு, நான்கு ஆண்டுகளுக்குக் கிட்ட உழைத்தது. நின்ற மதி வென்றது.

பிந்தி வரும் குரலின் கணக்கு எளிது. மேலே 35,786, கீழே 35,786, கூட்டினால் 71,572 கிலோமீற்றர். ஒளியும் வானொலி அலையும் ஒரு செக்கனில் ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்வன. ஆகவே சொன்ன சொல் மறுமுனையை எட்டக் கால் செக்கன். விடை மீளக் கால் செக்கன். அரைச் செக்கன் என்பது தாளிலே சிறிது. 1991ஆம் ஆண்டு, கொழும்பில் ஒரு தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, அப்பாச்சி காலமான செய்தியை இலண்டனிலிருந்த சித்தப்பாவுக்கு யான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். மறுமுனையிலே மௌனம். கேட்கவில்லையோ என்று ஐயுற்று மறுபடியும் அதே சொல்லைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவருடைய அழுகுரல் வந்து சேர்ந்தது. நான் நிறுத்தினேன்; அவரும் நிறுத்தினார். “தம்பி, கேக்குதோ?” என்றார். “ஓம் சித்தப்பா” என்றேன். என் ஓமும் அவருடைய அடுத்த வினாவும் ஒன்றோடொன்று மோதின. ஒரு மரணத்தை இருமுறை சொல்ல வைத்த அந்த அரைச் செக்கன் இன்னும் என் செவியில் இருக்கின்றது.

தொலைபேசி வணிகத்தை நின்ற மதியிடமிருந்து பறித்தது கடலடிக் கம்பி. 1988இல் அத்திலாந்திக்கின் அடியில் இடப்பட்ட ஒளியிழை வடம் நாற்பதாயிரம் உரையாடல்களை ஒருங்கே தாங்கியது, குரலும் பிந்தவில்லை. செய்மதிக் கம்பனிகள் தொலைக்காட்சியைப் பற்றிக்கொண்டன. ஒரே நிகழ்ச்சியைப் பல இலட்சம் கூரைகளுக்கு ஒருங்கே பொழிவதில் நின்ற மதிக்கு நிகரில்லை. அந்த வருமானமும் இணையவழித் தொலைக்காட்சி வந்தபின் ஆண்டுக்காண்டு தேய்கின்றது.

ஓடும் மதியை மீட்டெடுக்க முயன்றோர் முதலிற் கையைச் சுட்டுக்கொண்டனர். இரிடியம் என்னும் கம்பனி 66 செய்மதிகளை 780 கிலோமீற்றர் உயரத்தில் ஓடவிட்டு, 1998 நவம்பரிற் சேவை தொடங்கியது. 77 மதிகள் என முதலில் திட்டமிட்டதால், அணுவெண் 77 உடைய தனிமத்தின் பெயர் அதற்கு வந்தது; எண் குறைந்தபின்னும் பெயரை மாற்றவில்லை. (66ஆந் தனிமம் டிஸ்பிரோசியம். அப்பெயரை யார் உச்சரிப்பார்!) ஏறத்தாழ 500 கோடி டொலர் விழுங்கிய அம்முயற்சி மறு ஆண்டு ஓகஸ்றில் வங்குரோத்தாயிற்று. முழுவதையும் இரண்டரைக் கோடி டொலருக்கு வேறொருவர் வாங்கினர். நகரங்களிற் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் மலிந்துவிட்டமையால், செங்கல்லளவு கருவியையும் அதன் கட்டணத்தையும் சுமப்பாரில்லை.

அன்று தோற்றது இன்று வென்றதன் காரணம் யாது? முதலாவது, ஏவும் செலவு. றொக்கெற்றை ஒருமுறை எரித்துக் கடலில் வீசுவதே மரபாக இருந்தது. ஸ்பேஸ் எக்ஸ் கம்பனி 2015 டிசம்பரில் ஒரு றொக்கெற்றின் கீழடுக்கைத் தரையில் நிமிர்த்தி இறக்கியது. 2017 மார்ச்சில், முன்பு பறந்த கீழடுக்கொன்றைக் கொண்டே எஸ்.ஈ.எஸ். கம்பனியின் தொலைத்தொடர்புச் செய்மதியொன்றை ஏவியது. இரண்டாவது, தரையிலுள்ள அன்ரெனா. ஓடும் மதியைப் பின்தொடரக் கிண்ணம் சுழலவேண்டியதில்லை. தட்டைப் பலகையொன்றில் நூற்றுக்கணக்கான நுண்ணிய அன்ரெனாக்களைப் பதித்து, ஒவ்வொன்றும் அயலானைவிடச் சற்றே பிந்தி அலையை விடுமாறு செய்கின்றனர். விளையாட்டுத் திடலில் வரிசையாக நிற்கும் மாணாக்கர், ஒரு முனையிலிருந்து ஒருவர்பின் ஒருவராகக் கணநேரம் பிந்திப் பிந்திப் புறப்பட்டால், வரிசை முழுவதும் சாய்ந்தல்லவா செல்லும்? அவ்வாறே அலையும் சாய்கின்றது. பிந்தும் அளவை மாற்றினாற் சாய்வும் மாறும், பலகை அசைவதில்லை. இவையன்றி, அண்மைக் காலத்து மதிகள் தரையின் துணையில்லாமலே லேசர் ஒளியாற் செய்தியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகின்றன.

2019 மே மாதத்தில் அறுபது அறுபதாக ஏவத்தொடங்கிய அக்கம்பனியின் ஸ்ரார்லிங்க் மதிகள் 2025ஆம் ஆண்டின் முடிவில் ஒன்பதாயிரத்தைக் கடந்துவிட்டன. பெரும்பாலானவற்றின் உயரம் 550 கிலோமீற்றர் அளவினது. மேற்சொன்ன கணக்கை மீண்டும் போட்டாற் போக்குவரத்து 1,100 கிலோமீற்றர்; ஒரு செக்கனின் ஆயிரத்தில் நான்கு பங்கும் இல்லை. சித்தப்பா இன்றிருந்தால் அந்த அழைப்பில் யாரும் யாருடனும் மோதியிரார். ஒரு மதியின் ஆயுள் ஐந்தாண்டளவே. பின்னர் வளிமண்டலத்தில் எரிந்துபோக, அதனிடத்துக்குப் புதியது ஏவப்படும். செய்துகொண்டேயிருக்க வேண்டிய மதி இது.

இலங்கையில் அக்கம்பனி 2024 ஓகஸ்றில் உரிமம் பெற்று, 2025 யூலையிற் சேவை தொடங்கியது. கம்பி எட்டாத தீவகத்துக்கும் மலைத்தோட்டத்துக்கும் இதனால் நன்மையுண்டு என்பதை யான் மறுக்கவில்லை. 2022 சனவரி 15ஆந் திகதி எரிமலை வெடித்துத் தொங்கா நாட்டின் ஒரேயொரு கடலடி வடம் அறுந்தபோது, அது செப்பனிடப்படும்வரை ஐந்து வாரம்வரை அந்நாட்டாரை உலகத்தோடு பிணைத்தவை செய்மதிகளே.

என்னை உறுத்துவது வேறொன்று. நின்ற மதிக் காலத்தில் வானத்துக்கு ஒருவகைப் பங்கீடு இருந்தது. 1964இல் உருவான இன்ரெல்சற் பல அரசுகளின் கூட்டுடைமை. பின்னாளில் இலங்கை உட்பட 140க்கு மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர். வளையத்தில் எவ்விடத்தில் யார் நிற்பது என்பதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திற் பதிந்துகொள்ள வேண்டும். முந்தியவர்க்கே முதலிடம் என்ற குறை அதிலுண்டு. 1976இல் மத்திய கோட்டின்மேலுள்ள நாடுகள் சில பொகொட்டாவிற் கூடி, தத்தம் தலைக்குமேலுள்ள வளையம் தமக்கே உரியதென அறிக்கை விட்டன. விண்வெளியை எந்நாடும் உடைமையாக்கலாகாது என்ற 1967ஆம் ஆண்டு உடன்படிக்கை குறுக்கே நின்றதால் அக்கோரிக்கை எடுபடவில்லை. ஆயினும் கேட்பதற்கு ஓர் இடமாவது இருந்தது. இன்ரெல்சற் 2001இல் தனியார் கம்பனியாகி, 2020இற் கடனில் மூழ்கி, 2025 யூலையில் எஸ்.ஈ.எஸ். கம்பனிக்கு விலைப்பட்டது.

ஓடும் மதிக்கோ தனக்கென ஓரிடமில்லை. எல்லார் தலைமேலும் ஓடும். அதன் கடிவாளம் ஒருவர் கையில் இருந்தால் நேர்வது என்ன? 2022இல் உக்ரேன் போரின்போது, கிரைமியாவரை சேவையைத் திறக்கும்படி வந்த அவசர வேண்டுகோளைத் தாம் ஏற்கவில்லை என்று ஸ்பேஸ் எக்ஸ் கம்பனியின் தலைவர் ஈலோன் மஸ்க் 2023இல் தாமே எழுதினார். ஏற்றிருந்தாற் பெரும் போர்ச்செயலொன்றுக்குத் தாம் உடந்தையாகியிருப்போம் என்பது அவர் கூறிய காரணம். காரணம் சரியோ பிழையோ, அதைத் தீர்மானிக்கும் இடத்தில் ஓர் அரசோ மன்றமோ இல்லாமல் ஒரு வணிகர் இருந்தார். போட்டிக்கு வேறு கம்பனிகளும் மதிகளை ஏவுகின்றன. இந்த நெருக்கடியின் ஆபத்தும் தெரிந்ததே: 2009 பெப்ரவரி 10ஆந் திகதி இரிடியம் மதியொன்றும் செயலிழந்த உருசிய மதியொன்றும் சைபீரியாவுக்குமேல் மோதிப் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின.

சென்ற ஆண்டு ஒரு மாலை, விளையாட்டு முடிந்து திடலைவிட்டுப் புறப்படும் நேரத்தில், மேற்கு வானிலிருந்து ஒளிப்புள்ளிகள் ஒரு கோடாக ஏறி வந்தன. ஏவிச் சில நாட்களேயான ஸ்ரார்லிங்க் மதிகள் அவ்வாறு நிரையாகத் தோன்றும் என்று படித்திருந்தேனாயினும் கண்டது அன்றுதான். பிள்ளைகள் ஆரவாரித்தனர். ஒரு சிறுவன் விரல்நீட்டி எண்ணத் தொடங்கினான். கூரைக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்ட அதே மாணவன் என்னருகே வந்து, “ஐயா, இதிலை எங்கடை எது?” என்றான்.

இலங்கைப் பொறியியலாளர் யப்பானிற் செய்த ‘ராவணா-1’, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ளது, 2019 யூன் 17ஆந் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டதென்றும், ஆராய்ச்சிக்காகவன்றித் தொலைத்தொடர்பு வணிகத்துக்காகச் செய்யப்பட்டதன்று என்றும் சொன்னேன்.

“அது இப்ப எங்கை?”

“எரிந்துபோயிற்று.”

நிரை கிழக்கே சென்று பூமியின் நிழலுக்குட் புகப் புக, புள்ளிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. எண்ணிக்கொண்டிருந்த சிறுவன் பத்தொன்பதில் நிறுத்தினான்.