நெருப்புப்பெட்டிக்குள் ஒரு கணிப்பொறி

கணிப்பொறி என்றதும் மின்னிழைகளும் உலோகத் தகடுகளும் ஒளிரும் திரையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், ஒரு பொறியைக் கணிப்பொறியாக்குவது அது எப்பொருளாற் செய்யப்பட்டது என்பதன்று. எவ்விதிகளின்படி இயங்குகின்றது என்பதேயாம். இவ்வுண்மையை ஐயமற விளக்கிய பொறியொன்று 1961ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டில் ஆக்கப்பட்டது. அதில் மின்னோட்டம் இல்லை. சுழலும் சக்கரமும் இல்லை. அடுக்களையில் வெறுமையானதும் நாம் எறிந்துவிடும் நெருப்புப்பெட்டிகளும் பலநிற மணிகளுமே அதன் உறுப்புகள். அப்பொறி விளையாடக் கற்றது. முடிவில் தன்னை ஆக்கியவரையே வென்றது.

அதனை ஆக்கியவர் டொனால்ட் மிக்கி என்பார். 1923ஆம் ஆண்டில் இரங்கூனிற் பிறந்த இவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிளெச்லி பார்க் என்னுமிடத்திற் பகைவரின் மறைமொழிச் செய்திகளை விடுவிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அங்கே கணித மேதை அலன் டியூரிங்குடன் பழகினார். பொறியொன்று தன் பட்டறிவினாற் கற்றுக்கொள்ளுமா என்பது அவ்விருவரும் உரையாடிய பொருள்களுள் ஒன்று. பின்னர் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய காலத்தில், அவ்வினாவை ஆராய்தற்கேற்ற கணிப்பொறி கைக்கெட்டாமையால், நெருப்புப்பெட்டிகளைக் கொண்டே மிக்கி தம் சோதனையைத் தொடங்கினார். பொறிக்கு 'மெனேஸ்' எனப் பெயரிட்டார். அச்சுறுத்தல் என்பது அச்சொல்லின் பொருள்.

சோதனைக்கு அவர் தேர்ந்த விளையாட்டு, மாணவர் கொப்பியின் கடைசித்தாளிற் கீறி ஆடும் வட்டமும் புள்ளடியும் ஆகும். ஒன்பது கட்டங்களில் இருவர் மாறிமாறிக் குறியிட, மூன்று குறிகளை ஒரே கோட்டில் அமைப்பவர் வெல்வர். இதில் வட்டமிட்டு முதலில் ஆடுவது பொறி, புள்ளடியிடுபவர் மனிதர். பொறி ஆடவேண்டிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி ஒதுக்கப்பட்டது. பலகையைத் திருப்பினாலும் கண்ணாடியிற் பார்த்தாலும் ஒன்றாகவே தோன்றும் நிலைகளை ஒன்றெனவே கொண்டால், பொறியின் முதலாம் முறைக்கு 1, இரண்டாம் முறைக்கு 12, மூன்றாம் முறைக்கு 108, நான்காம் முறைக்கு 183 என மொத்தம் 304 நிலைகள் உண்டு. ஐந்தாம் முறையில் எஞ்சுவது ஒரே கட்டமாதலின் அதற்குப் பெட்டி வேண்டியதில்லை. இவ்வாறு 304 பெட்டிகள், சிறு இழுப்பறைகள்போல அடுக்கி ஒட்டப்பட்டன.

ஒன்பது கட்டங்களுக்கும் ஒன்பது நிறங்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பெட்டியிலும், அந்நிலையில் ஆடத்தக்க கட்டங்களுக்குரிய மணிகள் இடப்பட்டன. பெட்டியின் உட்டட்டில், ஒரு முனையில் ஆப்புவடிவமான அட்டைவேலி உண்டு. நிகழும் நிலைக்குரிய பெட்டியை எடுத்துக் குலுக்கிச் சாய்த்தால், வேலியின் கூர்மூலையில் ஒரு மணி வந்து தங்கும். அம்மணியின் நிறம் எக்கட்டத்தைக் குறிக்கின்றதோ, அக்கட்டத்திற் பொறியின் வட்டம் இடப்படும். தொடக்கத்தில் இது வெறுங் குருட்டாட்டமே.

கல்வி நிகழ்வது ஆட்டம் முடிந்த பின்னரே. பொறி தோற்றதாயின், அவ்வாட்டத்திற் பயன்பட்ட ஒவ்வொரு பெட்டியினின்றும், அது தேர்ந்த நிறத்து மணி ஒன்று நீக்கப்படும். சமநிலையாயின் அந்நிறத்து மணி ஒன்று கூட்டப்படும். வெற்றியாயின் மூன்று கூட்டப்படும். ஆகவே தோல்விக்கு வழிகோலிய ஆட்டம் மீண்டும் நிகழும் வாய்ப்புக் குறைகின்றது; வெற்றி தந்தது பெருகுகின்றது.

இங்கே நுட்பமான வினாவொன்று எழுகின்றது. தோல்வி நேர்ந்தவிடத்து, குற்றம் எந்த ஆட்டத்தினுடையது? முதலில் ஆடியது நன்றாயிருந்தும் இறுதியில் ஆடியது தவறாயிருந்திருக்கலாம். இதனைக் கருதியே மிக்கி, ஒவ்வொரு நிறத்திலும் முதற் பெட்டியில் நான்கு மணிகளும், இரண்டாம் முறைக்குரியவற்றில் மும்மூன்றும், மூன்றாம் முறைக்குரியவற்றில் இவ்விரண்டும், நான்காம் முறைக்குரியவற்றில் ஒவ்வொன்றுமாக இட்டார். முடிவை அண்மித்த தவறு ஒரே தண்டனையால் ஒழிந்துவிடும். தொடக்கத்து ஆட்டமோ பலமுறை சோதிக்கப்பட்ட பின்னரே ஒழியும். ஒரு தோல்வியைக் கண்டு அடிப்படையையே தள்ளிவிடலாகாது என்னும் நீதி இவ்வெண்களுள் அமைந்திருக்கின்றது. மாணவரை மதிப்பிடுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்க நீதி இது.

மிக்கி தாமே எதிராளியாக அமர்ந்து 220 ஆட்டங்கள் ஆடினார். ஏறத்தாழ 20 ஆட்டங்களின் பின் பொறி எப்போதும் சமநிலை காணத் தொடங்கிற்று. அதனைத் திகைக்கவைக்க எண்ணி அவர் முறைகேடான ஆட்டங்களைப் புகுத்தினார். பொறி அவற்றையும் எதிர்கொள்ளப் பழகிற்று. ஈற்றில், பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்ற ஆசிரியர் போட்டியினின்றும் விலகினார்.

அங்ஙனமாயின் அறிவு எங்கே இருந்தது? எந்தப் பெட்டிக்கும் விளையாட்டின் நோக்கம் தெரியாது; எந்த மணிக்கும் வெற்றி என்பது யாதெனத் தெரியாது. மணிகளின் தொகையில் ஏற்பட்ட மாற்றமே அப்பொறி பெற்ற கல்வி. அக்கல்வியோ எதிராளியின் தரத்தைப் பொறுத்தது. திறமையற்றவனுடன் மட்டும் ஆடிய பொறி, அவன் கண்டுகொள்ளாத பிழைகளையே நன்றெனக் கற்கும். ஆகவே பொறியின் குற்றத்துக்குப் பெட்டியை நொந்து பயனில்லை. பரிசும் தண்டனையும் வழங்கியவரே விடைகூறக் கடமைப்பட்டவர்.

இதனைத் தாமே செய்துபார்க்க விரும்புவோர்க்கு 304 பெட்டிகள் வேண்டியதில்லை. மாட்டின் கார்ட்னர் என்னும் எழுத்தாளர் 1962ஆம் ஆண்டில் 24 பெட்டிகளே போதுமான சிறு விளையாட்டொன்றை வகுத்துக் காட்டினார். ஒன்பது கட்டப் பலகையில், எதிரெதிர் வரிசைகளில் மும்மூன்று காலாட்கள் நிற்கும். சதுரங்கத்திற்போல ஒரு கட்டம் நேரே முன்செல்லலாம், மூலைவாட்டில் வெட்டலாம். எதிர்வரிசையை அடைபவரோ, எதிரியின் காலாட்கள் அனைத்தையும் வெட்டுபவரோ, எதிரியை ஆட வழியின்றி முடக்குபவரோ வென்றவராவர். மனிதர் முதலில் ஆட, பொறி அடுத்து ஆடும். தோற்றால், பொறி இறுதியாக ஆடிய மணியை எடுத்துவிடல் வேண்டும். வெறும் பெட்டியை அடைந்தால் அது தோல்வியை ஒப்புக்கொள்ளும். அப்போது அதற்கு முன் ஆடிய மணியை எடுத்துவிடல் வேண்டும். இவ்விளையாட்டில் பிழையின்றி ஆடும் இரண்டாமவர்க்கே வெற்றி உறுதியாதலால், தோல்விகள் போதிய அளவு நேர்ந்தபின் இப்பொறியை எவராலும் வெல்லவியலாது.

2016ஆம் ஆண்டில் 'கோ' என்னும் விளையாட்டில், கொரிய நாட்டின் பெருவீரர் லீ செடோலை அல்பாகோ என்னும் நிரல் வென்றது. அவ்விளையாட்டின் நிலைகளுக்குப் பெட்டிகள் அடுக்க இவ்வுலகமே போதாது. ஆதலின் அங்கே மணிகளின் இடத்தை எண்களின் வலைப்பின்னல் ஏற்றது. எனினும், பயனைக் கண்டு பழக்கத்தைத் திருத்தும் முறை அதன் அடிப்படைகளுள் ஒன்றாகவே நின்றது. இத்தகைய பொறிகளின் உள்ளே நிகழ்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. நெருப்புப்பெட்டியையோ திறந்து பார்க்கலாம், மணிகளை எண்ணலாம், கல்வி எங்கே நிகழ்ந்தது என்பதை விரலாற் சுட்டிக் காட்டலாம். கணிப்பொறியைக் கண்டு வியப்பதோடும் அஞ்சுவதோடும் அமையாது அதனை அறிய விழையும் மாணவர், முதலில் 24 வெறும் பெட்டிகளைச் சேர்ப்பாராக.