மாறுகண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் விலகும் கண்: சந்தேகங்களும் விளக்கங்களும்

குழந்தைப் பருவத்தில் மாறுகண்ணுக்கு அறுவைச் சிகிச்சை பெற்ற சிலருக்குச் சில மாதங்களிலோ, 30, 40 வயதிலோ கண் மீண்டும் விலகுவதுண்டு. இது பற்றிப் பரவலாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள்:

ஒருமுறை நேராக்கிய கண் மறுபடியும் விலகுமா?

விலகலாம். அறுவைச் சிகிச்சையில் கண்ணை அசைக்கும் தசைகளின் இடமோ நீளமோ மாற்றப்படுகிறது. இரு கண்களையும் ஒருசேர இயக்குவதில் மூளைக்குள்ள குறை அதனால் தீர்வதில்லை. பிறந்த 6 மாதங்களுக்குள் மூக்குப் பக்கம் திரும்பிய கண், சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பக்கம் விலகுவதும் உண்டு.

அப்படியானால் முதல் அறுவைச் சிகிச்சையில் தவறு நடந்துள்ளதா?

பெரும்பாலும் இல்லை. ஆனால், சிகிச்சை முடிந்த சில நாட்களில் கண் திடீரென எதிர்ப்பக்கம் விலகி, ஒரு திசையில் திரும்ப மறுத்தால், தைத்த தசை நழுவியிருக்கக்கூடும். அந்நிலையில் தாமதமின்றிப் பரிசோதனை தேவை.

விலகல் எப்படி அளக்கப்படுகிறது?

கண்களை மாற்றி மாற்றி மறைத்து, ஒளியை வளைக்கும் ப்ரிஸம் வைத்து அளக்கப்படுகிறது. 1 மீட்டர் தொலைவில் 1 சென்டிமீட்டர் விலகல் என்பது 1 ப்ரிஸம் டயாப்டர். சிகிச்சைக்குப் பின் 10 டயாப்டருக்குள் இருந்தால் பொதுவாக வெற்றியாகவே கொள்ளப்படுகிறது. சொட்டு மருந்திட்டுக் கண்ணாடி பவரும் பார்க்கப்படும். எந்தத் தசை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தப்பட்டது என்ற பழைய குறிப்பு பெரிதும் உதவும். பல குடும்பங்களில் தொலைந்துபோவதும் அதுதான்.

கண்ணாடியே போதுமா?

சிலருக்குப் போதும். பிளஸ் பவர் உள்ள குழந்தைக்கு முழுப் பவர் கண்ணாடி, உட்பக்க விலகலைக் குறைக்கும். இரட்டைப் பார்வையுடன் கூடிய சிறிய விலகலுக்கு ப்ரிஸம் கண்ணாடி தரப்படுகிறது. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும் உண்டு. அதன் தளர்த்தும் விளைவு சில மாதங்களே நீடிக்கும்.

மறு அறுவைச் சிகிச்சை எப்போது, யாருக்கு?

தொடக்க வாரங்களில் சிறு விலகல் தானாகக் குறையக்கூடும் என்பதால், அளவு நிலைபெறும் வரை வழக்கமாகச் சில மாதங்கள் காத்திருக்கப்படுகிறது. வயது வரம்பு இல்லை. பெரியவர்களுக்கு, நேராக்கினால் இரட்டைப் பார்வை வருமா என்பது ப்ரிஸம் வைத்து முன்கூட்டியே சோதிக்கப்படும்.

கண் நேரானால் பார்வையும் கூடிவிடுமா?

கூடாது. சோம்பேறிக் கண் (ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத நிலை) இருந்தால், நன்றாகத் தெரியும் கண்ணை மறைக்கும் சிகிச்சை தனியாகத் தொடர வேண்டும். 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.