கடையில் ஒரு புகார், கடலில் ஓர் உயிர்

பாறசாலையில் பஸ் ஏறினால் அடுத்த ஊர் நெய்யாற்றின்கரை. அதைத் தாண்டினால் பாலராமபுரம். அங்கே இறங்கிக் கடல் பக்கம் திரும்பினால் விழிஞம் வரும். விழிஞத்தை அடுத்தது கோவளம். லீவு நாட்களில் எல்லைக் கிராமங்களில் இருந்து பல குடும்பங்கள் அங்கே போகின்றன. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

முன்பெல்லாம் கடலைப் பார்ப்பார்கள், காலை நனைப்பார்கள், கடலை வாங்கித் தின்பார்கள், திரும்புவார்கள். இப்போது கடலுக்கு அடியில் அழைத்துப் போய் மீனும் பாறையும் காட்டும் கடைகள் அங்கே உள்ளன. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்க வேண்டும். இதற்கு ஸ்கூபா என்று பெயர். இந்தக் கருவிக்கு 1943இல் பிரான்ஸ் நாட்டில் வடிவம் கொடுத்தவர்கள் ஜாக் கூஸ்தோ, எமீல் கஞான் என்ற இருவர்.

மற்றக் கடைகளைப் போலத்தான் இதுவும் ஒரு கடை. பணம் கொடுக்கிறோம், சேவை பெறுகிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. துணிக்கடையில் தவறு நடந்தால் பணம் போகும். இங்கே தவறு நடந்தால் உயிரே போகலாம். அதனால் இந்தக் கடையில் புகார் சொல்வதும், புகாரைக் கேட்பதும் மிக முக்கியமான வேலைகள்.

ஒரு குடும்பம் போகிறது

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான். லீவில் வந்திருக்கிறான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மூவரும் கோவளம் போகிறார்கள். மகன் பணம் கட்டுகிறான்.

கடைக்காரர் ஒரு தாளை நீட்டுகிறார். "இங்கே ஒரு ஒப்பு போடுங்க சேட்டா" என்கிறார். அப்பா கையெழுத்துப் போடுகிறார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

பிறகு பயிற்சியாளர் விதிகளைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அப்பா மெதுவாக மகளிடம் கேட்கிறார்: "மக்களே, அவரு என்ன சொன்னாரு?" மகள் பதில் சொல்லும் முன்பே படகு கிளம்பிவிடுகிறது.

கடலில் அப்பாவின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மகளுக்கு உருளைக் காற்றில் எண்ணெய் வாடை அடித்தது. தலைவலி வந்தது. கரைக்கு வந்து சொன்னாள். "கடல்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு பையன் சிரித்தான். குடும்பம் பஸ் ஏறியது. வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் அதே கம்ப்ரெசரில் நிரப்பிய உருளையை வேறொருவர் முதுகில் கட்டிக்கொள்வார். பஸ்ஸில் பேசிய குறை அவருக்கு உதவாது. கடையில் எழுதி வைத்த குறைதான் உதவும்.

தாளில் என்ன இருக்கிறது?

கையெழுத்துக் கேட்கும் தாளில் பொதுவாக இரண்டு செய்திகள் இருக்கும்.

ஒன்று, உடல்நலக் கேள்விகள். ஆஸ்துமா உண்டா? இதய நோய் உண்டா? வலிப்பு வந்தது உண்டா? காதில் அறுவை செய்தது உண்டா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? இவற்றுக்கு உண்மையான பதில் எழுத வேண்டும். "ஆம்" என்று எழுதினால் டாக்டரின் சம்மதம் கேட்பார்கள். அது நல்லதற்கே. பொய் எழுதிவிட்டுப் பிறகு கடையைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு, பொறுப்பு பற்றிய வாசகம். "எது நடந்தாலும் கடை பொறுப்பல்ல" என்பது போல இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் வாய் மூடிவிடுகிறார்கள். அது தேவையில்லை. கடையின் கவனக்குறைவால் கெடுதல் வந்தால், அந்த ஒரு வரிக்காகப் புகார் செய்யும் வழி அடைபட்டுவிடாது.

தாள் தெரியாத மொழியில் இருந்தால் படித்துச் சொல்லும்படி கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மூச்சு அடக்கலாமா?

விழிஞம், கோவளம் பக்கம் பாறைகளில் சிப்பி எடுப்பவர்களை இந்தப் பகுதியில் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்குவார்கள். குளத்தில் முங்கிப் பழகியவர்களும் அப்படித்தான் செய்வார்கள். மூழ்குவது என்றால் மூச்சு அடக்குவது என்று அந்த அப்பாவும் நினைத்திருப்பார்.

ஸ்கூபாவில் விதி நேர் எதிரானது. ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன்? கடலில் 10 மீட்டர் ஆழம் போனால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது. சிப்பி எடுப்பவர் கரைக் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு போகிறார். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். அதனால் நெஞ்சுக்கு ஆபத்து இல்லை. ஸ்கூபாவில் ஆழத்திலேயே உருளையில் இருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறோம். அதை அடக்கிக்கொண்டு 10 மீட்டரில் இருந்து மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். ஆழத்தில் ஊதிக் கட்டிய பலூன் மேலே வரும்போது வெடிப்பதைப் போல நுரையீரல் கிழியலாம்.

இந்த ஒரு விதி புரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே "எனக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்" என்று கேட்பது அதிகப் பேச்சு அல்ல. அது வாடிக்கையாளரின் உரிமை. தமிழில் சொல்ல ஆள் இல்லை என்றால் மூழ்காமல் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இன்னொரு செய்தி வளைகுடாக்காரர்களுக்கு. மூழ்கிய பிறகு உடனே விமானம் ஏறக் கூடாது. ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கினால் 18 மணி நேரமும் கழிய வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. "எப்போது விமானம்?" என்று கடை கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் வாடிக்கையாளர் சொல்ல வேண்டும்.

எது நியாயமான புகார்?

எல்லாக் குறையும் கடையின் குற்றம் அல்ல. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கடல் கலங்கி இருந்தது, மீன் வரவில்லை என்றால் அது இயற்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும். ஆனால் கடல் கலங்கியது தெரிந்தே, "தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது கடையின் குற்றம்.

முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. முடி இடையில் சிக்கினாலும் வரும். தடித்த மீசை இருந்தாலும் கசியும். இதைக் கடைக்காரர் முன்பே சொல்ல வேண்டும். ரப்பர் கிழிந்திருந்தால் அது கடையின் குற்றம்.

காற்றில் வாடை வந்தால் அது பெரிய புகார். நல்ல காற்றுக்கு வாடையோ சுவையோ கிடையாது. காற்று நிரப்பும் கம்ப்ரெசருக்குள் எண்ணெயோ என்ஜின் புகையோ கலந்திருக்கலாம். புகையில் நச்சு வாயு இருக்கும். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். தண்ணீருக்குள் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உருளையின் கழுத்துப் பக்கம் எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும். கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற தேதி அதில் இருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பயிற்சியாளரின் சான்றிதழையும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கிராமங்களின் இளைஞர்கள் சிலர் கடற்கரைக் கடைகளில் வேலைக்குப் போகலாம். அவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் சொல்கிறவர் எதிரி அல்ல. கடைக்குத் தெரியாத ஒரு பழுதைக் காட்டிக் கொடுக்கிறவர்.

முதலில் முழுவதும் கேளுங்கள். இடையில் பேசாதீர்கள். சிரிக்காதீர்கள்.

இரண்டாவது, அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் பேச்சை நிறுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஸ்கூபா மூழ்கி வந்தவர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, புகாருக்கு உள்ளான கருவியைத் தனியே எடுத்து வையுங்கள். உருளை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் வரை அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். வாடை வந்தால் அதே கம்ப்ரெசரில் நிரப்பிய எல்லா உருளைகளையும் நிறுத்துங்கள்.

நான்காவது, புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, நேரம், கருவியின் எண், என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று எழுத வேண்டும்.

ஐந்தாவது, தவறு கடையுடையது என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். தவறு கடையுடையது அல்ல என்றால் காரணத்தைப் பொறுமையாக விளக்குங்கள்.

கடை கேட்கவில்லை என்றால்?

கடையில் பில் வாங்காமல் வரக் கூடாது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. பில், கையெழுத்திட்ட தாளின் நகல், போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்குப் பலன் இல்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986 டிசம்பர் 24 அன்று வந்தது. அதன் நினைவாகவே அந்த நாள் தேசிய நுகர்வோர் தினம் ஆயிற்று. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ளது.

புதிய சட்டத்தில் எல்லைக் கிராமத்தாருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. முன்பு கடை இருக்கும் மாவட்டத்தில் அல்லது சம்பவம் நடந்த மாவட்டத்தில்தான் வழக்குப் போட வேண்டும். இப்போது சொந்த மாவட்டத்திலேயே போடலாம். பாறசாலைக்காரருக்குத் திருவனந்தபுரம். களியக்காவிளைக்காரருக்கு நாகர்கோவில். கோவளத்தில் நடந்ததற்கு நாகர்கோவிலில் புகார் கொடுக்கலாம்.

கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு தரவும், குறையை நீக்கவும் ஆணையம் உத்தரவிடலாம்.

அரசு அதிகாரிகளுக்கு எழுதும்போது மொழி தடையாக இருக்கக் கூடாது. நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு தருகிறது.

கடைக்கு எழுதும் கடிதம்

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். திட்ட வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதினால் போதும். இதோ ஒரு மாதிரி:

தேதி: ........
பெறுநர்: கடை உரிமையாளர், ........
ஐயா,
........ தேதி காலை ........ மணிக்கு உங்கள் கடை மூலம் மூழ்கினேன். பில் எண் ......... கட்டிய பணம் ரூ. ........
எனக்குக் கொடுத்த உருளையின் எண் ......... அதன் காற்றில் எண்ணெய் வாடை இருந்தது. எனக்குத் தலைவலி வந்தது. உங்கள் ஊழியரிடம் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை.
அந்த உருளையையும் கம்ப்ரெசரையும் உடனே சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் கட்டிய பணத்தை 30 நாட்களுக்குள் திருப்பித் தரவும். பில்லின் நகலை இணைத்துள்ளேன்.
இப்படிக்கு,
........

கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அந்த ரசீதையும் வைக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் பணம் கேட்கும் வரி இரண்டாவதாக வருகிறது. உருளையைச் சோதிக்கச் சொல்லும் வரி முதலில் வருகிறது. பணம் திரும்பி வந்தால் ஒரு குடும்பத்துக்கு நன்மை. உருளையைச் சோதித்தால், முகம் தெரியாத எத்தனையோ குடும்பங்களுக்கு நன்மை.

அடுத்த முறை கோவளம் போகும்போது அந்த அப்பா தாளை வாங்கிப் படிக்கட்டும். புரியாததைக் கேட்கட்டும். கரைக்கு வந்து குறை சொல்ல வேண்டி வந்தால், பஸ் ஏறும் முன்பே அதை எழுதிக் கொடுக்கட்டும்.